ஓட்டை மேல் உட்கார்ந்த பூமிசாமி

கிப்புக்கு இருபத்தாறு வயது முடிந்துவிட்டது. இன்னும் வெள்ளைச் சட்டை, கறுப்புப் பாவாடை, பல்கலைக்கழக முத்திரை பதித்த பெல்ட் என்று சீருடையில்தான் வகுப்புக்குப் போய்வந்தாள். முதலாண்டுப் பிள்ளைகள் அவள் முகத்தைப் பார்த்து ஆசிரியை என்று கும்பிடுவார்கள். பிறகு பாவாடையைப் பார்த்துவிட்டுக் கூச்சத்தோடு கையை இறக்குவார்கள். கிப் இரண்டுக்கும் சேர்த்துச் சிரித்துவைப்பாள்.

அவள் படித்தது வீடியோ கேம் வடிவமைப்பும் நிரலாக்கமும். நாலு வருஷப் படிப்பு. கிப்புக்கு இது எட்டாவது வருஷம். விதிப்படி எட்டு வருஷத்துக்கு மேல் ஒருவரைப் பல்கலைக்கழகம் வைத்துக்கொள்ளாது. பேரை அடித்து வீட்டுக்கு அனுப்பிவிடும். மீதமிருந்தது கடைசிப் பருவத்துத் திட்டத் தேர்வு, அதாவது சொந்தமாக ஒரு கேம் செய்து ஆடிக்காட்ட வைக்கும் தேர்வு ஒன்றுதான். அதில் ஏற்கெனவே இரண்டு தடவை மண்ணைக் கவ்வியிருந்தாள்.

லோப்புரி என்ற ஊரில் அழகு நிலையம் நடத்தும் அவளுடைய அம்மா, மகள் டாக்டருக்குப் படிப்பதாகத் தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். இத்தனை வருஷம் இழுக்கிற படிப்பு வேறு எதுவும் அந்த அம்மாளுக்குத் தெரியாது. பொய் என்று சொல்ல முடியாது, ஒரு யூகம்.

"கிப், பக்கத்து வீட்டு அக்காவுக்கு முட்டி வீங்கிப்போச்சாம். என்னடி பண்ணணும்?"

"அம்மா, நான் கேம் பண்றேன். முட்டியப் பத்தி எனக்கு என்ன தெரியும்?"

"ஏன், உன் கேம்ல ஆளுங்களுக்கு முட்டி கிடையாதா?"

இருந்தது. இரண்டாம் ஆண்டில் ஒரு பருவம் முழுக்க முட்டி எப்படி மடங்குகிறது என்பதைத்தான் படித்தாள். "ஐஸ் வைக்கச் சொல்லு" என்றாள். வீக்கம் வடிந்துவிட்டது. அன்றிலிருந்து அந்தத் தெருவில் அவளுக்குக் கைராசிக்காரி என்று பெயர்.

படிப்பைக் குறைசொல்ல முடியாது. முதல் நாள் வந்தவர்களில் பாதிப்பேர் நாலு வருஷம் உட்கார்ந்து விளையாடலாம் என்று வந்தவர்கள்தான். அதில் மூன்று பேருக்கு வீட்டில் வைத்த செல்லப்பெயரே கேம். வருகைப் பதிவில் "கேம்" என்று கூப்பிட்டால் மூன்று கை உயரும். ஒரு கை தூக்கத்திலேயே உயரும். பிறகுதான் கணக்கு வந்தது. பொம்மை ஆள் ஒருவன் குதித்தால் எப்போது தரையைத் தொடுகிறான் என்பதைப் பல வாரம் படித்தார்கள். பாதி வகுப்பு தரையைத் தொடுவதற்குள் வணிகவியலுக்கு ஓடிப்போனது.

கிப் ஓடவில்லை. அவளுக்குக் கணக்கு வேம்பு. வடிவமைப்புப் பாடமோ தேன். எந்தப் பக்கம் விளக்கு வைத்தால் ஆடுகிறவர் அந்தப் பக்கம் போவார், கதவைக் கொஞ்சம் மட்டும் திறந்துவைத்தால் ஏன் ஒருவராலும் சும்மா கடந்துபோக முடியாது, பயமுறுத்துவதற்கு முன்னால் எவ்வளவு நேரம் பேசாமல் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பாடத்தில் வரும். வாயைப் பிளந்து கேட்பாள். மனிதர்களை அலற வைக்கும் ஒரு பேய் ஆட்டம் செய்யாமல் இந்த இடத்தைவிட்டு நகர்வதில்லை என்று முடிவு செய்தாள். உண்மையிலேயே நகரவில்லை.

அவளிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. எது உடைந்தாலும் சரிசெய்ய மாட்டாள். அதன் மேல் எதையாவது வைத்து மூடுவாள். இதற்கு லோப்புரிக் குரங்குகள்தான் பொறுப்பு என்பது என் கருத்து. அழகு நிலையத்துக் கூரையை அவை மாதம் ஒருமுறை பிய்க்கும். அம்மா ஓட்டைக்குக் கீழே கூந்தல் தைல விளம்பரத்தை ஒட்டுவாள். மறுபடி பிய்த்தால் மறுபடி விளம்பரம். கடைசியில் கூரை முழுக்க அழகான பெண்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்; மழை மட்டும் உள்ளே பெய்தது. இப்படி வளர்ந்த பெண் நிரல் எழுதினால் எப்படி எழுதுவாள்? சுவர் கோணலாக வந்தால் மரம் நடுவாள். ஆளின் கை முதுகில் முளைத்தால் சால்வை போர்த்திவிடுவாள்.

அவளுடைய ஆட்டம் வாய்க்கால் ஓரத்துச் சந்தை ஒன்றில் நடந்தது. அக்காவைத் தேடி ஒரு சிறுமி சாயங்காலத்தில் சந்தைக்குள் நுழைகிறாள். உள்ளே படகில் நூடுல்ஸ் விற்கும் ஒருத்தி இருக்கிறாள். அவள் உயிரோடு இல்லை. சந்தையின் ஒவ்வொரு பலகையும், தொங்கும் ஒவ்வொரு கருவாடும் கிப் உட்கார்ந்து செய்தவை. சந்தை வாசலில், சிறுமி காலடி வைக்கும் முதல் தரையிலேயே ஒரு ஓட்டை இருந்ததுதான் வினை. கண்ணுக்குத் தரை தெரியும், கால் வைத்தால் ஆள் உள்ளே போய்விடும். கீழே அடியில்லாத நீலம்.

ஏன் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. நிரலை வரிவரியாகப் படித்தாள், கணக்கைத் திரும்பப் போட்டாள். ஒன்றும் பிடிபடவில்லை.

முதல் தேர்வில் அதை அப்படியே விட்டாள். யாரும் அந்த இடத்தில் மிதிக்க மாட்டார்கள் என்று நம்பினாள். தேர்வாளர் அங்கேதான் மிதித்தார். விழுந்தார். விழுந்துகொண்டே இருந்தார். ரொம்ப நேரம் கழித்து, "இன்னும் எவ்வளவு தூரம்மா போகணும்?" என்று மரியாதையாகக் கேட்டார். இரண்டாவது தேர்வில் ஓட்டை மேல் ஒரு தண்ணீர்ச் சாடி வைத்தாள். அந்தத் தேர்வாளர் சாடி மேல் ஏறிக் குதித்து, சாடியோடு சேர்ந்து போனார். ஆக, இரண்டு தேர்விலும் சந்தைக்குள் ஒருவரும் நுழையவில்லை.

மூன்றாவது தடவை கிப் படித்த படிப்பைப் பயன்படுத்தினாள். எதன் மேல் ஒரு மனிதனும் ஏறி மிதிக்க மாட்டான்? அடுத்த நாளே ஓட்டை மேல், நிலத்தைக் காக்கும் பூமிசாமிக்கு மாடம் ஒன்று வந்து உட்கார்ந்தது. ஒற்றைக் கம்பத்தின் மேல் பொன் பூசிய குட்டி வீடு, அதற்குள் வாளும் பணப்பையுமாகச் சாமி, கழுத்தில் சாமந்தி மாலை. இரண்டு பக்கமும் உள்ளே போகத் தாராளமாக வழி விட்டிருந்தாள். அவள் கணக்குப்படி இந்த நாட்டில் அந்த ஓட்டையில் இனி எவனும் விழமாட்டான்.

கணக்கு சரி. ஒருவரும் விழவில்லை. ஒருவரும் நகரவும் இல்லை.

முதலில் சோதித்துப் பார்த்தவள் தெங்மோ, மூன்றாமாண்டு ஓவியக்காரி. மாடத்தைப் பார்த்ததும் கையிலிருந்த ஆட்டக் கருவியைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டாள்.

"அக்கா, கும்பிடறதுக்கு ஒரு பட்டன் வைங்க. கைய எடுத்து எடுத்து வைக்க வேண்டியிருக்கு."

"கும்பிட்டது போதும்டி, உள்ள போ. உள்ள பேய் இருக்கு."

"வெறுங்கையோட எப்படிக்கா போறது?"

வாசலோரக் கடையில் சிறுமிக்குத் தெம்பு கொடுக்கச் சிவப்புக் குளிர்பானம் வைத்திருந்தாள் கிப். தெங்மோ அதில் ஒரு புட்டியை எடுத்துவந்து மாடத்தின் முன்னால் உறிஞ்சுகுழல் போட்டு வைத்தாள். புள்ளியியலில் பாஸாக வேண்டும் என்று சத்தமாகவே வேண்டிக்கொண்டாள். மனநிறைவோடு எழுந்து சாப்பிடப் போய்விட்டாள். ஆட்டம் எப்படி என்ற கேள்விக்கு, "மனசுக்கு நிம்மதியா இருக்கு" என்று பதில் எழுதினாள். பேய் ஆட்டத்துக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

தெங்மோ புள்ளியியலில் பாஸானாள். வகுப்பே பார்க்காத அதிசயம் அது. அவள் வகுப்பிலும் ஒரு கேம் இருந்தான்; அடுத்த வாரம் அவனுக்குப் பிரிந்துபோன காதலி திரும்பி வந்தாள். வளாக உணவகத்தில் ஒட்டரிசியும் சுட்ட பன்றிக்கறியும் விற்கிற அம்மாள் ஒருநாள் ஆய்வகத்துக்குள் வந்து, "அந்தச் சாமிக்கு நம்பர் ஏதாச்சும் இருக்காம்மா?" என்று கேட்டாள். நிரலில் எல்லாப் பொருளுக்கும் ஓர் எண் உண்டு. கிப் யோசிக்காமல் சொல்லிவைத்தாள். கடைசி இரண்டு இலக்கத்தில் அந்த அம்மாளுக்கு லாட்டரி அடித்தது.

அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா? வணிகவியல், சட்டம், செவிலியர் கல்லூரி என்று எல்லாத் திசையிலிருந்தும் ஆட்கள் வந்து ஆய்வக வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றார்கள். கும்பிடும் பட்டனைக் கிப் செய்துகொடுத்தாள். எட்டு வருஷத்தில் அவள் எழுதியதிலேயே ஒரு பிழையும் இல்லாமல் ஓடிய நிரல் அதுதான். சந்தைக் கூரையின் நிழல் சாயங்காலத்தில் மாடத்தின் மேல் விழுகிறது, அது குற்றம் என்று சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் சண்டைக்கு வந்தார்கள். நிழலை ஒழிக்கக் கிப் சூரியனைத் தூக்கி உச்சியில் வைத்தாள். இப்படியாக அந்தப் பேய் ஆட்டம் மொட்டை வெயிலில் நடக்கத் தொடங்கியது.

"ஒரே ஒருத்தராவது உள்ள போய்ப் பாருங்களேன்" என்று கிப் கெஞ்சினாள்.

"பாக்கறோம்க்கா, பரீட்சை முடியட்டும்" என்று வேண்டிக்கொண்டே போனார்கள்.

அவளுக்கு அழுகையாக வந்தது. உள்ளே அத்தனை கருவாடும் தொங்கிக்கொண்டிருக்கிறது, படகுக்காரி வருஷக்கணக்காகக் காத்துக்கொண்டிருக்கிறாள், இவர்களோ வாசலிலேயே பிழைப்பை முடித்துக்கொண்டு கிளம்புகிறார்கள்.

தேர்வு நெருங்கியபோது இன்னொரு தலைவலி சேர்ந்தது. வைத்த புட்டிகள் எல்லாம் ஆட்டத்துக்குள் மலையாகக் குவிந்து, கணினி மூச்சு வாங்கியது. கும்பிட்டால் கை பாதியில் நின்றது. தேர்வில் பத்து நிமிஷமாவது ஆட்டம் நிற்காமல் ஓடியாக வேண்டும். நடுவில் படுத்துவிட்டால் எட்டு வருஷமும் கூடவே படுத்துவிடும். மாடத்தையும் புட்டிகளையும் அழித்துவிடலாம் என்று கிப் தன் நெறியாளர் பிசித்திடம் போனாள். ஆசிரியரை அங்கே ஆஜான் என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஆஜான் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். "அழிக்கிறதா? உனக்கு என்ன பைத்தியமா?"

"அது வெறும் படம், ஆஜான். நான்தான் வெச்சேன்."

"கட்டினவன் மனுஷன்தான். வந்து உக்காந்தது யாருன்னு உனக்குத் தெரியுமா? முறையா பூசாரியக் கூப்பிட்டு, நாள் பாத்து, வேற இடம் காட்டித்தான் எடுக்கணும்." அவர் குரல் தணிந்தது. "நானும் ஒரு புட்டி வெச்சேன். இணைப் பேராசிரியர் பதவிக்கு. வந்துடுச்சு."

பூசாரியைத் தொலைபேசியில் பிடித்தார்கள். அந்த மனிதர் இடம் எங்கே என்று கேட்டார். கணினிக்குள் என்றதும் கொஞ்சமும் அசராமல், தலைவாசல் எந்தத் திசை என்று கேட்டார். பஞ்சாங்கம் பார்த்து நல்ல நாளும் சொன்னார். அது தேர்வுக்கு அடுத்த நாள்.

புட்டிகளுக்குத் தெங்மோ ஒரு வழி சொன்னாள். படைத்ததைச் சாமியிடம் கேட்டுக்கொண்டு நாமே எடுத்துச் சாப்பிடலாமே, வீட்டில் எல்லாரும் அப்படித்தானே செய்கிறோம்? ஆகவே மாணவர்கள் கணினிகளின் முன்னால் வரிசையாக உட்கார்ந்து, கும்பிட்டு, உத்தரவு வாங்கி, புட்டிகளைக் குடித்துத் தீர்த்தார்கள். ஒவ்வொரு புட்டிக்கும் சிறுமி ஒரு ஏப்பம் விடுவாள்; கிப் எப்போதோ வேடிக்கையாகச் சேர்த்த ஒலி அது. ஆய்வகம் முழுக்க அன்றைக்கு ஏப்பம். கீழ்த்தளத்தில் நடந்துகொண்டிருந்த நெறிமுறைக் கருத்தரங்கை ஒத்திவைத்தார்கள்.

தேர்வு நாள் வந்தது. குழுவில் ஆஜான் பிசித், துறைத் தலைவர், வெளியிலிருந்து வந்த நிச்சபா மேடம் ஆகிய மூன்று பேர். நிச்சபா மேடம் கேம் நிறுவனம் ஒன்றில் பெரிய பொறுப்பில் இருப்பவர். சிரிக்கவே மாட்டார் என்று பெயர். பின்வரிசையில் தெங்மோவும் வேண்டுதல் பலித்த பாதி வளாகமும் நெருக்கியடித்துக்கொண்டிருந்தது.

நிச்சபா மேடம் ஆடத் தொடங்கினார். சிறுமி நடந்து சந்தை வாசலுக்கு வந்தாள். மாடம் தெரிந்தது. மேடம் பட்டனை அழுத்திக் கும்பிட்டார், புட்டி எடுத்துவந்து வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். என்ன வேண்டினாரோ, பெரிய வேண்டுதலாக இருந்திருக்க வேண்டும். சிறுமி வெயிலில் கைகூப்பி நின்றுகொண்டே இருந்தாள். கணினி ஒரு முறைகூட முனகவில்லை. பத்து நிமிஷம் முடிந்ததாகத் துறைத் தலைவர் மணி அடித்தார்.

மேடம் கண்ணைத் திறந்து தாளில் கையெழுத்துப் போட்டார். மற்ற இருவரும் போட்டார்கள். பின்வரிசை கைதட்டியது. கிப் பட்டதாரி ஆகிவிட்டாள். செய்ய வேண்டியதெல்லாம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, லோப்புரிக்குத் தொலைபேசியில் பேசுவதுதான்.

"ரொம்ப அமைதியான கேம்மா" என்றார் மேடம். "முதியோர் இல்லத்துக்கெல்லாம் குடுக்கலாம். தூக்கம் நல்லா வரும்."

கிப்புக்கு உச்சந்தலையில் ஏதோ வெடித்தது. தூக்கமா? எட்டு வருஷம் பேய் செய்ததற்குத் தூக்கமா?

"மேடம், நீங்க இன்னும் கேமே ஆடல."

ஆஜான் பிசித் மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தார்.

"இப்பதானே ஆடினேன்?"

"அது வாசல், மேடம். அந்த மாடம் சாமிக்காக வெச்சது இல்ல. அங்க ஒரு ஓட்டை இருக்கு. என்னால அடைக்க முடியல. அத மறைக்கத்தான் வெச்சேன். ரெண்டு தடவ அந்த ஓட்டையாலதான் ஃபெயில் ஆனேன்."

பின்வரிசையில் யாரோ "ஐயோ" என்றார்கள். வேண்டி வாங்கிய பாஸும் காதலியும் லாட்டரியும் ஓட்டை கொடுத்ததா என்ற குழப்பம் எல்லார் முகத்திலும் அப்பட்டமாகத் தெரிந்தது. மேடம் கையெழுத்திட்ட தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஓட்டையக் காட்டு."

கிப் கணினியின் முன்னால் உட்கார்ந்தாள். கைகூப்பி, "மன்னிச்சுக்குங்க, கொஞ்சம் நகந்து உக்காருங்க" என்று வாய்விட்டுக் கேட்டுக்கொண்டாள்.

"வேணாம் கிப், பூசாரி நாளைக்கு வரார்!" என்றார் ஆஜான். அவர் முகத்தில் இணைப் பேராசிரியர் பதவி ஆட்டம் கண்டுகொண்டிருந்தது.

அவள் மாடத்தை இழுத்து ஒரு மாமரத்தடியில் வைத்தாள். சிறுமியை நடத்தினாள். சிறுமி பொத்தென்று உள்ளே போய், நீலத்தில் விழத் தொடங்கினாள். முழு அறையும் அவள் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. கிப் ஆட்டத்தை நிறுத்தி, மாடம் இருந்த இடத்தைச் சொடுக்கினாள். இதுவரை அந்த இடத்தில் சாடியைச் சொடுக்கியிருக்கிறாள், மாடத்தைச் சொடுக்கியிருக்கிறாள், தரையை ஒருநாளும் தொட்டதில்லை. தரையின் விவரம் திரையில் விரிந்தது. அதில், இதன் மேல் ஆள் நிற்கலாமா என்று கேட்கும் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. மற்ற எல்லாப் பலகைக்கும் அதில் டிக் இருக்கும். இதில் இல்லை.

நிரலில் ஒரு குற்றமும் கிடையாது. கணக்கும் சரியாகத்தான் இருந்திருக்கிறது. அவள் டிக் வைத்தாள். சிறுமி வந்து தரையில் நின்றாள்.

"இவ்வளவுதானாக்கா?" என்று தெங்மோ பின்னாலிருந்து கேட்டாள்.

"தள்ளு" என்று நிச்சபா மேடம் கருவியை வாங்கிக்கொண்டார். மரத்தடிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, சந்தைக்குள் நுழைந்தார். முதல்முறையாக ஒரு மனிதப் பிறவி உள்ளே நுழைந்தது. வெயில் சுள்ளென்று அடித்தது, கருவாடு மெல்ல ஆடியது. ஆள் யாரும் இல்லை. மேடம் படகைப் பார்த்தார். படகில் குனிந்து நூடுல்ஸ் அலசிக்கொண்டிருந்தவளிடம் போய் நின்றார். அவள் நிமிரவில்லை. கிண்ணம் மட்டும் நீண்டு வந்தது. நீட்டிய கை, நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டியும் நீண்டுகொண்டே வந்தது.

நிச்சபா மேடம் வீலென்று அலறினார். கருவி பறந்துபோய்த் துறைத் தலைவர் மடியில் விழுந்தது; அவர் அதைப் பிடித்த நேரம் படகுக்காரி நிமிர்ந்தாள், அவரும் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து அலறினார். செவிலியர் கல்லூரிப் பெண்கள் இருவர் வெளியே ஓடினார்கள். மேடம் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு, "அடிப்பாவி, அடிப்பாவி!" என்று கண்ணீர் வரச் சிரித்தார். கையெழுத்துப் போட்ட தாளைத் தட்டுத்தடுமாறி எடுத்து மேசையின் அந்தப் பக்கம் தள்ளினார்.

"போட்டது போட்டதுதான். யாரும் தொடாதீங்க."

கிப் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

ஆஜான் பிசித் மட்டும் அலறவில்லை. எட்டு வருஷமாக அவளுடைய நெறியாளர். ஒவ்வொரு பருவமும் முன்னேற்றம் திருப்தி என்று எழுதிக்கொடுத்தவர். திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

"இதெல்லாம் எப்பலேர்ந்து உள்ள இருக்கு?"

"நாலாவது வருஷத்துலேர்ந்து, ஆஜான்."

அவர் தன் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"அந்தக் கருவிய எங்கிட்ட குடு" என்று கையை நீட்டினார். "முதல்லேர்ந்து போடு."